பிழைப்பதிவேடும் நிரலாளரின் அன்றாடமும்: டொனால்ட் குனூத்தின் கட்டுரையை முன்வைத்து

திறவுச்சொற்கள்: நிரலாக்கம், உழைப்பு, பிழை வகைப்பாடு, பதிவேடு, டெக்

முன்னுரை

உழைப்பைப் பற்றிய எழுத்து பல வேளைகளில் உழைப்பின் சூழலைப் பற்றிய எழுத்தாகவே நின்றுவிடுகிறது. கணினி நிரலாளரைக் குறித்தவற்றில் இப்போக்கு மிகுதி. இரவுப்பணி, ஊதியம், அயல்நாட்டுப் பயணம், வேலையிழப்பு ஆகியவை விரிவாகப் பேசப்படுகின்றன. இருக்கையில் அமர்ந்த பின் அவர் செய்வது என்ன என்ற வினா தொடப்படாமலே கிடக்கிறது. அவ்வினாவுக்கு விடைதரும் அரிய ஆவணங்களுள் ஒன்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனூத் 1989இல் ‘சாஃப்ட்வேர்: பிராக்டிஸ் அண்ட் எக்ஸ்பீரியன்ஸ்’ என்னும் இதழில் வெளியிட்ட ‘தி எரர்ஸ் ஆஃப் டெக்’ என்ற கட்டுரை. தாம் எழுதிய ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் பத்தாண்டுகளில் செய்த 850க்கும் மேற்பட்ட திருத்தங்களின் பட்டியலை அவர் அதில் பின்னிணைப்பாகத் தந்துள்ளார். நிரலாளரின் அன்றாடத்துக்கு இப்பதிவேடு எந்த அளவுக்குச் சான்றாகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பதிவேடு தோன்றிய சூழல்

1977இல் தம் நூல்வரிசையின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கான அச்சுப்படிகளைக் கண்ட குனூத், எழுத்துகளின் தரம் தாழ்ந்திருந்தது பொறுக்காமல் தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்க முனைந்தார். அம்மென்பொருள் செய்ய வேண்டியவற்றை எழுதி, நிரலாக்கும் பொறுப்பை மைக்கேல் பிளாஸ், ஃபிராங்க் லியாங் என்ற இரு மாணவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, அக்கோடையில் சீனப் பயணம் மேற்கொண்டார். திரும்பியபோது ஒரு சிறு பகுதியே இயங்கும் நிலையில் இருந்தது. மாணவர்களின் திறமைக்குறைவு அதற்குக் காரணமன்று. தாம் முழுமையாக எழுதிவிட்டதாக நம்பிய குறிப்பில் முடிவு செய்யப்படாத நுண்விவரங்கள் எத்தனை இருந்தன என்பதை, நிரலைத் தாமே எழுதப் புகுந்த பிறகுதான் அவர் உணர்ந்தார்.

நிரலாளரின் பணி முன்னரே முடிவான ஒன்றைக் கணினி மொழிக்குப் பெயர்த்தெழுதுவது என்ற பொதுக்கருத்து இவ்விடத்தில் உடைகிறது. ‘விவரக்குறிப்பு முடிந்தது, இனி எழுதவேண்டியதுதான்’ என்று சொல்லப்படும் இடத்தில்தான் உண்மையான முடிவுகள் எடுக்கப்படத் தொடங்குகின்றன. பீட்டர் நௌர் 1985இல் முன்வைத்த கருத்தும் இதற்கு அண்மையது: நிரலாக்கம் என்பது, அதைச் செய்வோரின் உள்ளத்தில் ஒரு கோட்பாடு உருவாவது, ஆவணங்களால் அக்கோட்பாட்டை முழுமையாகக் கடத்த இயலாது.

பதினைந்து வகைகள்

குனூத் தம் பிழைகளைப் பதினைந்து வகைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் குறியாக்குகிறார். வழிமுறையே தவறியது, தரவமைப்புச் சிதைவு, மறந்துபோன செயல், எதிர்பாராச் சூழல், தட்டச்சுப் பிழை என அவ்வரிசை அமைகிறது. செய்ய வேண்டியது இன்னதெனத் தெரிந்திருந்தும் வேறொன்றைச் செய்துவிட்ட தடுமாற்றத்துக்கும் தனியிடம் உண்டு.

தமிழ் மரபில் வந்த வாசகருக்கு நன்னூல் கூறும் பத்துக் குற்றங்கள் நினைவுக்கு வரலாம். ஒப்புமை மேலோட்டமானது. குன்றக் கூறல், மாறுகொளக் கூறல் போன்றவை முடிவுற்ற நூலில் காணப்படும் குறைகளுக்கான பெயர்கள். குனூத்தின் வகைகளோ ஆக்கியோன் எங்கே வழுவினான் என்பதைப் பெயரிடுகின்றன. சுவடிப் பதிப்பாசிரியர் செய்வதே இதற்கு நெருக்கமானது. புள்ளியிடப்படாத மெய்யையும், காலோடு மயங்கும் ரகரத்தையும் கண்டு, ஏடெழுதியவர் எவ்விடத்தில் மயங்கினார் என்று அவர் ஊகிக்கிறார். பதிப்பாசிரியருக்குச் சாட்சி இல்லை. குனூத்துக்குச் சாட்சி அவரே. ஆயினும் தன்னைப் பற்றித் தானே கூறும் சான்று என்பதால் அது ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. மறதி என்று குறிக்கப்பட்ட ஒன்று உண்மையில் தொடக்கத்திலேயே சிந்திக்கப்படாததாக இருந்திருக்கலாம். வகைப்பாடும் ஒரு பொருள்கோளே.

இவ்வகைகளுள் மிகுந்த கவனத்துக்குரியது, பகுதிகளுக்கிடையே உள்ள பொருந்தாமை. ஒரு பகுதியை எழுதும்போது வகுத்துக்கொண்ட நெறியை மற்றொரு பகுதியை எழுதும்போது மறந்துவிடுவதால் விளையும் பிழை இது. பலர் கூடிச் செய்யும் பணியில் இது வியப்பன்று. இங்கே இரு பகுதிகளையும் எழுதியவர் ஒருவரே. நௌர் கூறும் கோட்பாடு ஆக்கியோனின் உள்ளத்தில் வாழ்கிறது எனின், அவ்வுள்ளமே அதைச் சில வாரங்களில் இழந்துவிடக்கூடும் என்று இப்பதிவுகள் காட்டுகின்றன. நிரலாளர் தம் பழைய வரிகளைப் பிறர் எழுதியவைபோல் படித்துப் புரிந்துகொள்ள நேர்கிறது. அவருடைய நாளின் பெரும்பகுதி எழுதுவதில் கழிவதில்லை என்பதற்கு இதுவே காரணம். ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட நூலில், ஒரு மென்பொருள் பணிக்கான காலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திட்டமிடலுக்கும், ஆறில் ஒரு பங்கை மட்டுமே நிரல் எழுதுவதற்கும், எஞ்சிய பாதியைச் சோதனைக்கும் ஒதுக்கியது இங்கு நோக்கத்தக்கது.

சோதனை வேறொரு மனநிலையை வேண்டுவது. டெக்கைச் சோதிக்க ‘டிரிப்’ என்ற உள்ளீட்டைக் குனூத் உருவாக்கினார். அறிவுடைய பயனர் எவரும் எழுதத் துணியாத கோணலான கட்டளைகளின் தொகுப்பு அது. தாம் கட்டியதைத் தாமே தகர்க்க முயலும் கொடுமனத்தோடு அதை எழுதியதாக அவர் ஒப்புக்கொள்கிறார். ஆக்குவோனும் அழிப்போனும் ஓருடலில் மாறி மாறிக் குடியேறும் இந்நிலை, பணியிடச் சித்திரிப்புகளில் எளிதில் தென்படாதது.

குற்றவுணர்வும் கணக்கும்

பதினைந்தில் ஒன்பது வகைகள் பிழைகள். தூய்மைப்படுத்தல், விரைவுபடுத்தல், பொதுமையாக்கல் முதலிய ஆறும் மேம்பாடுகள். முன்னவற்றைத் திருத்தும்போது குற்றவுணர்வும், பின்னவற்றைச் செய்யும்போது நற்செயல் புரிந்த நிறைவும் தமக்கு உண்டானதாகக் குனூத் குறிப்பிடுகிறார். இரண்டிலும் நிகழ்வது நிரல்வரிகளை மாற்றும் ஒரே செயல். வேறுபாடு அறம் சார்ந்தது.

கூலிக்கு நிரலெழுதுவோர் உலகில் இவ்வேறுபாடு வேறு உருக்கொள்கிறது. வாடிக்கையாளர் சுட்டுவது குறைபாடா, மாற்றக் கோரிக்கையா என்பது அங்கே அன்றாட வழக்கு. குறைபாடு எனின் கட்டணமின்றித் திருத்தித் தரவேண்டும்; மாற்றக் கோரிக்கை எனின் தனிக்கணக்கு. இருதரப்பும் ஒப்பந்தத்தின் சொற்களைப் புரட்டிக்கொண்டிருக்க, இடையில் நிற்கும் நிரலாளரின் மாலைப்பொழுது கரைகிறது. குனூத்துக்கு மனச்சான்றின் வினாவாக இருந்தது, இவருக்கு யாருடைய நேரம் யார் கணக்கில் எழுதப்படும் என்ற வினாவாகிறது. பதிவேட்டின் மிகப்பெரிய வரம்பு இதுவே. குனூத் நிலையான பதவியிலிருந்த பேராசிரியர். காலக்கெடுவைப் பிறர் விதிக்கவில்லை, வாடிக்கையாளரும் அவரே. பிழையைச் சுட்டுவோருக்குப் பதினறும எண்முறையின் வேடிக்கையாக 2.56 டாலர் காசோலை அனுப்பியதும் (பெற்றவர் பலர் அதை மாற்றாமல் சட்டமிட்டு மாட்டிவைத்தனர்) அந்த உரிமையின் வெளிப்பாடே. ஊதியத்துக்கு நிரலெழுதும் பெரும்பாலோர், தாம் தொடங்காத நிரலில், தம்மைச் சந்தித்திராத ஒருவர் விட்டுச்சென்ற வரிகளைத் திருத்துகிறார்கள்.

மற்றொரு வரம்பு பதிவேடு என்ற வடிவத்திலேயே உள்ளது. திருத்தம் நிகழ்ந்தால்தான் பதிவு நிகழும். காரணம் புலப்படாமல் திரையை நோக்கியிருந்த நேரமும், தவறான ஐயத்தைப் பின்தொடர்ந்து வீணான பிற்பகலும் தனிப்பதிவாக இடம்பெறுவதில்லை. இரு பதிவுகளுக்கு இடைப்பட்ட வெளியில்தான் பணியின் பெரும்பகுதி இருக்கிறது. அதைக் கட்டுரையின் உரைநடைப் பகுதியே ஓரளவு ஈடுசெய்கிறது. மென்பொருள் எழுதுவது நூல் எழுதுவதைவிடக் கடினமானது, மிகுதியான விவரங்களை ஒருங்கே நினைவில் தாங்கவேண்டியது, முழுநேர ஆசிரியப்பணியோடு இணைத்துச் செய்ய இயலாதது என்ற வாக்குமூலத்தைப் பட்டியல் தரவில்லை, உரைநடையே தருகிறது. ஆகவே பின்னிணைப்பை மட்டும் தரவாகக் கொண்டு எண்ணிக்கை ஆய்வு செய்வோர், உழைப்பின் எச்சங்களை உழைப்பாகக் கொள்ளும் பிழைக்கு ஆளாவர்.

டெக்கின் பதிப்பெண் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் ஓர் இலக்கம் நீண்டு ‘பை’ என்னும் கணித மாறிலியை நெருங்கி வருகிறது. 2021இல் அது 3.141592653 ஆயிற்று. தம் மறைவுக்குப் பின் பதிப்பெண் ‘பை’ என்றே நிலைக்கவேண்டும், எஞ்சியிருக்கும் பிழைகள் யாவும் அந்நாள் முதல் மென்பொருளின் இயல்புகளாகக் கொள்ளப்பட வேண்டும் என்று குனூத் 1990இலேயே அறிவித்துவிட்டார். பிழைக்கும் இயல்புக்கும் இடைப்பட்ட கோட்டைத் தாமே வரைந்து முடிக்கும் அவ்வுரிமை, மாற்றக் கோரிக்கைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் நிரலாளருக்கு இல்லை.