காலியாக விட முடியாத கட்டம்

டேட்டாபேஸ் கற்கத் தொடங்குபவர் முதலில் சந்திப்பது பெரும்பாலும் ஒரு கற்பனை நிறுவனத்தை. மைக்ரோசாஃப்ட் அக்சஸ் மென்பொருளோடு 1990களில் வந்த 'நார்த்விண்ட்' அவற்றுள் புகழ்பெற்றது. அதன் ஊழியர் அட்டவணையில் 9 பேர். 5 பேர் பெண்கள். 'யாருக்குக் கீழ் வேலை செய்கிறார்' என்ற நெடுவரிசையைப் பார்த்தால், மற்றவர்களுக்கு மேலதிகாரியாக இருப்பவர்கள் இரண்டே பேர். இருவரும் ஆண்கள். பெயருக்கு முன் போடும் மரியாதைச் சொல்லுக்கென்று இன்னொரு நெடுவரிசை. ஒரு பெண்ணுக்கு அதில் 'மிஸஸ்' என்று இருக்கிறது. சீஸும் டோஃபுவும் விற்கும் நிறுவனத்துக்கு அவர் மணமானவர் என்ற செய்தி எதற்கு? ஆண்களில் யார் மணமானவர் என்று அந்தச் சொற்களை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

மைஎஸ்க்யூஎல் கற்பவர்களுக்குக் கிடைக்கும் மாதிரி ஊழியர் அட்டவணையில் பாலினம் என்றால் 'எம்', 'எஃப்' என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே. காலியாகவும் விட முடியாது. மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் 2014இல் ஏற்றுக்கொண்ட நாட்டில் இதைப் பார்த்தும் பழகுகிறோம்.

'வெறும் உதாரணம்தானே' என்பார்கள். தொடக்கநிலை மாணவிக்கு உதாரணம்தான் பாடம். கட்டளைகள் மறந்துபோனாலும், ஒரு மனிதரைப் பற்றி எதையெல்லாம் கேட்க வேண்டும் என்ற பழக்கம் கையில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு சிறிய பெண்கள் உதவி மையத்தின் காகிதப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றவே நான் இதைக் கற்றேன். பதிவேட்டில் பெயருக்கு அடுத்த கட்டம் 'தந்தை / கணவர் பெயர்'. பாடம் சொல்லும் வழியில், அதை அப்படியே நெடுவரிசையாக்கி, 'காலியாக விடக்கூடாது' என்று பொருள்படும் 'நாட் நல்' என்ற இரு சொற்களைச் சேர்த்தால் வேலை முடிந்துவிடும். காகிதத்திலாவது ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம். கணினி விடாது. அந்தப் பெயரைச் சொல்லாத பெண்ணின் பதிவையே அது ஏற்காது. வீட்டைவிட்டு வந்தவளிடம் வந்த இடத்திலும் முதலில் கேட்பது, யாரை விட்டு வந்தாளோ அவன் பெயரை.

சரி, காலியாக விட அனுமதித்தால்? டேட்டாபேஸில் அந்த வெற்றிடத்துக்கு 'நல்' என்று பெயர். கணவரே இல்லை என்பதும், இருக்கிறார் ஆனால் பெயர் பதிவாகவில்லை என்பதும் அதில் ஒன்றுதான். இன்றைய டேட்டாபேஸ்களுக்கு அடிப்படையான மாதிரியை 1970இல் முன்வைத்த எட்கர் காட் இந்தச் சிக்கலை அறிந்தவர். 'பொருந்தும், ஆனால் கிடைக்கவில்லை' என்பதற்கு ஒன்று, 'பொருந்தவே பொருந்தாது' என்பதற்கு ஒன்று என இரண்டு குறிகள் வேண்டும் என்று பின்னாளில் வாதிட்டார். எஸ்க்யூஎல் மொழி ஒரே 'நல்'லோடு நின்றுவிட்டது. நமக்கோ காட் கேட்ட இரண்டும் போதாது. 'சொல்ல விருப்பமில்லை' என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது அவளுடைய முடிவு. முடிவைக் குறைபாடாகப் பதிவதை ஒப்புக்கொள்ள முடியாது.

இதற்கான விடையையும் டேட்டாபேஸ் பாடமே தருகிறது. உறவுகளைத் தனி அட்டவணையாக்கலாம்: எந்தப் பெண், உறவினர் யார், என்ன உறவு, அவரைத் தொடர்புகொள்ளலாமா. ஒருத்திக்கு அங்கே மூன்று வரிசைகள் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஒன்றும் இல்லாதவளின் பதிவும் முழுமையான பதிவுதான். அம்மா, தோழி, கூட வாழும் பெண் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு.

இதே கவனம் மற்ற முடிவுகளுக்கும் வேண்டும். கைபேசி எண்ணை அடையாளச் சாவியாக வைத்தால், மாமியாரும் இரண்டு மருமகள்களும் ஒரே போனைப் பயன்படுத்தும் வீட்டிலிருந்து முதலில் வந்தவள் மட்டுமே பதிவாவாள். குடும்பத் தலைவருக்கு ஓர் அட்டவணை, அவரைச் சார்ந்தவர்களுக்கு இன்னொன்று என்று பிரித்து, இடையில் 'கேஸ்கேட்' நீக்கல் விதியைப் போட்டால், தலைவரின் வரிசையை நீக்கும் கணத்திலேயே மனைவியின் வரிசையும் தானாக அழியும். இதற்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று உண்டு: உடன்கட்டை.

இதையெல்லாம் மாற்ற முடியும் என்பதற்குச் சட்டங்களே சாட்சி. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் அட்டையில் 18 வயது நிறைந்த மூத்த பெண்ணைக் குடும்பத் தலைவராகக் கொள்ளச் சொன்னது. தாய் மட்டுமே பெற்றோராக உள்ளவர் பான் அட்டை விண்ணப்பத்தில் தந்தை பெயரைத் தர வேண்டியதில்லை என்பது 2018 டிசம்பரில் விதியானது. இரண்டும் ஒரு கட்டத்தில் என்ன எழுதலாம் என்பதைப் பற்றிய மாற்றங்கள்தான். ஆனாலும் தலைவி வந்த பிறகும் 'தலைமை' என்ற நெடுவரிசை அப்படியே நிற்கிறது. அதை வைப்பதா எடுப்பதா என்பது அட்டவணையை வரைபவர் கையில் இருக்கிறது. வரையத் தெரியாத வரை, நாம் நிரப்பிக் கொடுப்பவர்களாக மட்டுமே இருப்போம்.

அதனால் கற்றுக்கொள்ளுங்கள். ஊழியர் அட்டவணையை ஆசிரியர் பலகையில் வரையும்போது, 'நாட் நல்' எழுதப்படும் இடத்தில் கையைத் தூக்குங்கள். யாருக்காக என்று கேளுங்கள்.