இரண்டாவது கொக்கியை எங்கே மாட்டுவது?

எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி பக்கம் உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இப்போது முழு உடல் பெல்ட் போடுகிறார்கள். இடுப்பில் ஒற்றை வாரைக் கட்டிக்கொண்டு ஏறிய காலத்தைப் பார்த்தவனுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் பெல்ட்டைப் போட்ட பிறகு அதில் எதை எங்கே தொங்கவிடுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கிரேன், கன்வேயர், பாய்லர் வேலைகளில் நான் போட்டுப் பார்த்த இரண்டு வகைப் பெல்ட்டுகளை அந்த ஒரு கோணத்தில் எடைபோடுகிறேன். கம்பெனி மாறினாலும் அமைப்பு மாறுவதில்லை என்பதால் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

முதல் வகை, லிங்கிச் செட்டித் தெருக் கடைகளில் ஐஎஸ் 3521 முத்திரையோடு கிடைக்கும் சாதாரண மாடல். முதுகில் ஒரு டி-ரிங். அதில் ஷாக் அப்சார்பர் பை. அங்கிருந்து கவட்டை போலப் பிரியும் இரண்டு லேன்யார்டு வார்கள், நுனியில் சாரக் குழாயைக் கவ்வும் பெரிய கொக்கிகள். ஒரு கொக்கியைக் கழற்றி அடுத்த குழாயில் மாட்டும்போது மற்றது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகத்தான் இரண்டு.

ஒரே இடத்தில் நின்று வேலை செய்யும்போது ஒரு கொக்கி போதும். மற்றது முழங்காலில் இடித்துக்கொண்டே தொங்கும். கன்வேயர் பாலத்தில் பெயின்ட் அடிக்கும் பையன் ஒருவன் அதை இடுப்புப் பக்கத்து டி-ரிங்கில் மாட்டியிருந்தான். ஏன் என்று கேட்டேன். "கால்ல இடிக்குதுண்ணே, வேற எங்க மாட்டறது?" என்றான். நியாயமான கேள்வி. அவன் பெல்ட்டில் வேறு இடமே இல்லை.

அப்படி மாட்டுவதில் உள்ள ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. விழும்போது அப்சார்பர் பைக்குள் மடித்துத் தைத்திருக்கும் நாடா தையல் பிரிந்து நீள்கிறது. அது நீள நீளத்தான் உடம்பில் இறங்கும் அடி குறைகிறது. ஐரோப்பிய தரம் இஎன் 355 அந்த அடியை 6 கிலோநியூட்டனுக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஏறக்குறைய 600 கிலோ எடையின் இழுப்பு அது. இரண்டாவது கொக்கி இடுப்பு வளையத்தில் இருந்தால், பை கொஞ்சம் பிரிந்ததும் அந்த லேன்யார்டு விறைத்துக்கொள்ளும். பை மேற்கொண்டு பிரியாது. மிச்ச அடி முழுவதும் இடுப்பில் ஒரு பக்கமாக இறங்கும். பணம் கொடுத்து வாங்கிய அப்சார்பர் பாதியிலேயே செயலிழந்துவிடும்.

இதற்கென்றே நல்ல மாடல்களில் மார்பு வாரில் சிறிய பார்க்கிங் வளையம் வைக்கிறார்கள். கொஞ்சம் பலமாக இழுத்தாலே கழன்றுவிடும்படி செய்தது. கழல்வதுதான் அதன் வேலை. அது இல்லாத பெல்ட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். விலை வித்தியாசம் அதிகமில்லை, ஒப்பந்ததாரருக்கு அது கட்டுப்படியாகும்.

இரண்டாவது வகை, கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவர்களுக்கான பெல்ட். இதில் பாறை ஏறுகிறவர்களின் மூளை வேலை செய்திருக்கிறது. இடுப்பைச் சுற்றி விறைப்பான பிளாஸ்டிக் உறை போட்ட கியர் லூப்கள். வயிற்றுக்கு நேரே தொங்குவதற்கான வளையம், மார்பிலும் முதுகிலும் விழுந்தால் பிடிப்பதற்கான வளையங்கள். பாறை ஏறுகிறவர்கள் விரிசலில் செருகும் கருவிகளை அளவு வரிசைப்படி முன் லூப்களில் கோப்பார்கள். எப்போதாவது தேவைப்படுவது பின்னால் போகும். கேரபைனர் கொக்கிகளின் வாய் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கும். ஒரு கையால் பாறையைப் பிடித்தபடி மறு கையால் தடவி எடுக்க வேண்டியிருப்பதால் வந்த ஒழுங்கு இது.

அந்த ஒழுங்கை அப்படியே துறைமுகக் கிரேனுக்குக் கொண்டுபோனேன். வலது முன் லூப்பில் ஏறும் கருவி, இடது முன்னில் ஸ்பேனர், ஸ்லிங்கும் உபரிக் கேரபைனரும் பின்னால். தோல் கையுறையோடு, குனிந்து பார்க்காமல், கை தானாகப் போய் எடுத்தது. சாதாரண மாடலில் இதே சாமான்களைக் கோணிப்பையில் தோளில் மாட்டித் துழாவிய அவஸ்தை இதில் இல்லை. ஸ்பேனருக்குத் தனிக் கயிறு கட்டாயம். அரை கிலோ ஸ்பேனர் 30 மீட்டரிலிருந்து கைநழுவினால் தரையைத் தொடும்போது மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கீழே நிற்பவருக்கு ஹெல்மெட் போதாது. கனமான கருவியை உடம்பில் கட்டாமல் கட்டமைப்பின் இரும்பில்தான் கட்ட வேண்டும்.

கியர் லூப் சில கிலோ சாமானைத் தாங்கும், ஆளைத் தாங்காது. அவசரத்தில் லேன்யார்டை அதில் மாட்டிவிடுகிற வாய்ப்பு நிஜமானது. ஆகவே ஆளைத் தாங்கும் வளையத்துக்கு ஒரு நிறம், சாமான் வளையத்துக்கு வேறு நிறம் என்று தெளிவாகப் பிரித்திருக்கும் மாடலையே வாங்குங்கள். எல்லாமே கறுப்பாக இருக்கும் அழகான மாடல் ஒன்று கிடைத்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆன்லைனில் மலிவாக வரும் அரை உடல் க்ளைம்பிங் ஹார்னஸையும் சாரத்துக்கு வாங்காதீர்கள். முதுகு வளையம் இல்லாதது, மயங்கினால் தலைகுப்புறக் கவிழ்க்கக்கூடியது.

இந்தக் கரையில் உப்புக்காற்றும் நிலக்கரித்தூளும் சாம்பலும் சேர்ந்தே வருகின்றன. கொக்கியின் பூட்டில் இவை படிந்து இறுகிவிடும். கட்டைவிரலை எடுத்த பிறகும் வாய் மூடாமல் பாதியில் நிற்கும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, ஒட்டாத உலர் மசகு மட்டும் போட வேண்டும். கிரீஸ் போட்டால் மறுநாளே சாம்பல் அப்பிக்கொள்ளும். அலுமினியக் கேரபைனர் எடை குறைவு, ஆனால் உப்பில் இரும்போடு உரசிக் கிடந்தால் வெள்ளைப் பொடி பூக்கும். துறைமுகத்துக்கு நான் ஸ்டீலையே எடுப்பேன். மணலி ஆலைகளில் அமிலம் புழங்கும் இடத்துக்கு நைலானைவிட பாலியெஸ்டர் வார் நல்லது. ஆனால் அது காரத்தைத் தாங்காது.

தேய்ந்த வாரை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். 2006 அக்டோபரில் அமெரிக்காவின் யோசெமிட்டியில் டாட் ஸ்கின்னர் என்ற பெயர்பெற்ற பாறை ஏறுநர், தன் பெல்ட்டின் முன்பக்கத்தில் இருந்த தேய்ந்துபோன பிலே லூப் அறுந்து விழுந்து இறந்தார். அது தேய்ந்திருப்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

பெல்ட் எவ்வளவு நல்லதானாலும் அது மாட்டியிருக்கும் இடத்தின் பலம்தான் அதன் பலம். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் எஃகு வளைவு சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பலர் அசாமிலிருந்து வந்தவர்கள். நிற்கிற கட்டமைப்பே சரியும்போது அதில் மாட்டிய கொக்கியால் ஒன்றும் ஆகாது. எங்கே மாட்டலாம் என்பதைப் பொறியாளர் கணக்குப் போட்டு, பெயின்ட்டால் குறியிட்டுத் தர வேண்டும். ஏறுகிறவரின் ஊகத்துக்கு விடக்கூடாது. கால்மட்டத்தில் மாட்டினால் 2 மீட்டர் லேன்யார்டும் பிரிந்த அப்சார்பரும் சேர்ந்து, கீழே 6 மீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும் என்பதையும் அவர்தான் பார்க்க வேண்டும்.

நான் பார்த்த இரண்டு வகையிலும் பெரிய குறை, கையேடு. பொடி எழுத்தில் ஆங்கிலம் மட்டும். போடுகிறவர்கள் தமிழ், இந்தி, ஒடியா, அசாமியம் பேசுகிறவர்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு படம் தைத்தால் போதும்: ஆள், ஸ்பேனர், வெறும் கொக்கி.

சாரத்தில் நடமாடும் வேலைக்குப் பார்க்கிங் வளையம் உள்ள சாதாரண மாடலே போதும். கயிற்றில் இறங்கி வேலை பார்ப்பவருக்கு இரண்டாவது வகையில் செலவழித்த காசு வீணாகாது. ஒருமுறை ஆளைத் தாங்கிப் பிடித்த பெல்ட்டும், தையல் பிரிந்த பெல்ட்டும் மறுபடி யார் கைக்கும் போகக்கூடாது. வாரைக் கத்தியால் நறுக்கிவிட்டே குப்பையில் போடுங்கள்.