ஒரே கட்டளை எல்லாக் கணினிக்கும் போதுமா? பிப், கோண்டா: ஒரு மதிப்பீடு



நாம் பகிர்ந்துகொள்ளும் பயிற்சித்தாள்களோடு இப்போது சின்னச் சின்னப் பைத்தான் நிரல்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்க ஒன்று, சொற்பட்டியலை அகரவரிசையில் அடுக்க ஒன்று. “இந்த ஒரு கட்டளையைக் கொடுங்க, எந்தக் கணினியிலும் ஓடும்”னு ஒரு குறிப்பும் கூடவே இருக்கும். அந்தக் குறிப்பை நம்பலாமா?

முதலில், இந்தக் கூடுதல் நிரலகங்கள் நமக்கு எதற்கு? ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டுப் பாருங்கள். 5 என்று சொல்லும். யூனிகோட் முறையில் இகரக் குறியும் மெய்ப்புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதே காரணம். ‘ஓப்பன் தமிழ்’ என்ற திறமூல நிரலகத்தைச் சேர்த்தால், நம் மாணவர்களைப் போலவே கணினியும் 3 என்று எண்ணும்.

அகரவரிசையிலும் இதே சிக்கல்தான். அகராதியில் ‘மரம்’ முன்னே, ‘மனம்’ பின்னே. யூனிகோட் அட்டவணையிலோ றன்னகரம் தந்நகரத்தை அடுத்தே நிற்கிறது. அதனால் பைத்தான் ‘மனம்’ என்பதை முன்னே போட்டுவிடும். இதைச் சரிசெய்ய ‘ஐசியு’ என்ற பெரிய நிரலகமும், அதைப் பைத்தானோடு இணைக்கும் ‘பைஐசியு’வும் உண்டு.

இவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் தொகுப்பு மேலாளரின் வேலை. பைத்தானுக்கு வழக்கமானது ‘பிப்’. ஓப்பன் தமிழைப் பொறுத்தவரை பிப்பைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அது பைத்தானிலேயே எழுதப்பட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பைஐசியு அப்படியில்லை. அதன் அடியில் இருப்பது சி++ மொழியில் எழுதிய நிரல். உங்கள் இயங்குதளத்துக்கு ஏற்பத் தயாராகக் கட்டிய வடிவம் கிடைக்காவிட்டால், பிப் மூல நிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கட்டப் பார்க்கும். அதற்குக் கம்பைலர் வேண்டும். பள்ளி மடிக்கணினியில் அதுக்கு எங்கே போறது?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நண்பர் ஒருவர் அகரவரிசை நிரல் ஒன்றை அனுப்பினார். அவருடைய லினக்ஸில் அருமையாக ஓடியது. என் விண்டோஸிலோ திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. நான் கேள்வியேபடாத கருவி ஒன்றை நிறுவச் சொன்னது. அரை மணி நேரம் போராடிவிட்டு, ‘நமக்கு இதெல்லாம் வராது’ன்னு மூடி வெச்சுட்டேன். குறை என்னிடம் இல்லை, தொகுப்பு வந்த விதத்தில்தான் என்று புரியவே பல வாரம் ஆனது. இப்படி மூடி வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேரோ!

லினக்ஸ்காரர்களுக்கும் நிம்மதி இல்லை. உபுண்டுவின் புதிய பதிப்புகளில், கணினியோடு வரும் பைத்தானில் பிப் எதையும் நேரடியாகச் சேர்க்க மறுக்கிறது. தனிச் சூழல் ஒன்றை உருவாக்கச் சொல்கிறது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் அந்தச் சூழலைத் திறக்கும் கட்டளை விண்டோஸில் ஒன்று, மற்றவற்றில் வேறு. ‘ஒரே கட்டளை’ என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

2012இல் வந்த ‘கோண்டா’ இந்த இடத்தில் மேல். பைத்தான் அல்லாத பகுதிகளையும் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் முன்கூட்டியே கட்டித் தருகிறது. ‘கோண்டா ஃபோர்ஜ்’ என்ற தன்னார்வலர் களஞ்சியத்திலிருந்து பைஐசியுவை எடுத்தேன். கம்பைலர் இல்லாமலே வேலை முடிந்தது. ஆனாலும் குறைகள் உண்டு. முழு அனகோண்டா பல ஜிகாபைட் இடம் கேட்கும். பழைய மடிக்கணினி தாங்காது. பெரிய அமைப்புகளுக்கு அனகோண்டா நிறுவனம் கட்டண விதிகளும் வைத்திருக்கிறது. அதனால் ‘மினிஃபோர்ஜ்’ போதும் என்பது என் பரிந்துரை.

இன்னொரு குறையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். உங்கள் சூழலைப் பட்டியலாக எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்கிறது கோண்டா. வழக்கமான முறையில் எடுத்தால், உங்கள் இயங்குதளத்துக்கே உரிய விவரங்களும் அதில் சேர்ந்துவிடும். விண்டோஸில் எடுத்த பட்டியல் மேக்கில் முட்டிக்கொள்ளும். நாம் கேட்டு நிறுவியவற்றை மட்டும் பட்டியலிட ‘ஃப்ரம் ஹிஸ்டரி’ என்ற தனித் தெரிவு இருக்கிறது. பல தளங்களுக்கும் பொதுவானது என்று சொல்லிக்கொள்ளும் கருவியில், பொதுவான பட்டியலைத் தேடி எடுக்க வேண்டியிருப்பது முறையா?

என் முடிவு இதுதான். பைத்தானிலேயே எழுதிய நிரலகத்துக்குப் பிப் போதும். அடியில் வேறு மொழி நிரல் இருந்தால் கோண்டாவுக்குப் போங்கள். எதுவானாலும், கட்டளையை மட்டும் அனுப்பிவிட்டு ‘ஓடும்’னு சொல்லாதீங்க.

நம் பங்குக்கும் ஒரு கடமை உண்டு. நிரலைப் பகிரும்போது மூன்று வரி சேர்த்து எழுதுவோம்: பைத்தானின் பதிப்பு எண், சேர்த்த நிரலகங்களின் பெயரும் பதிப்பும், எந்த இயங்குதளத்தில் ஓட்டிப் பார்த்தோம் என்பது. பயிற்சித்தாளில் படிவமும் பாடத் தலைப்பும் எழுதாமல் கொடுப்போமா? இதுவும் அப்படித்தான். அந்த மூன்று வரி இருந்திருந்தால், நான் அன்றைக்குக் கணினியை மூடி வைத்திருக்க மாட்டேன்.