முருகைக்கல் ஒழுங்கைகள்

நெடுந்தீவுக்குப் போய்வந்தேன் என்றால் முதலில் குதிரையைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்தது பெருக்கமரம். பிறகு கோட்டை, புறாக்கூடு, வளரும் கல், பாதச்சுவடு. ஓட்டோக்காரர்களும் இந்த வரிசையைத்தான் வைத்திருக்கிறார்கள். மாவிலித்துறையில் இறங்கி, பேரம் பேசி ஏறினால், பின்னேரப் படகுக்கு முன் எல்லாவற்றையும் காட்டித் துறையில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் தீவு, மடக்கிய முழங்கால் நிமிராமலே பார்த்து முடிந்துவிடுகிறது. அந்த இடங்களில் எதையும் நான் குறைத்துப் பேச வரவில்லை. அவற்றுக்கு நடுவே கிடப்பதுதான் நெடுந்தீவு என்பது என் பிடிவாதம். நடுவே கிடப்பவை கல்வேலிகள்.

சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, களிமண்கூட இல்லை. முருகைக்கல்லின் மேல் முருகைக்கல், அவ்வளவுதான். அடியில் அகன்று, மேலே போகப்போக ஒடுங்கி, மார்பளவில் நிற்கும். கடலடியில் வளர்ந்தது மேலெழுந்து தரையான தீவு இது. மண்வெட்டி நன்றாக இறங்குமுன்னே கல்லில் தட்டும். ஆடும் மாடும் குதிரையும் அவிழ்த்துவிட்டபடி திரிகிற ஊரில், நிலத்திலிருந்து கல்லைக் கிண்டி அகற்றுவதும் பயிருக்குக் காவல் போடுவதும் ஒரே வேலையாகிவிட்டது. கோட்டையும் இதே கல்தான், சாந்து பூசிக் கட்டியது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இருந்துவிட்டுப் போன அந்தக் கட்டடம் இன்று பாதி குவியலாய்க் கிடக்கிறது. குடியானவர் கையால் அடுக்கிய வேலி நிற்கிறது.

கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கல்லில் ஊசித் துளைகள். அடுத்ததில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள். இன்னொன்றில் மூளை மடிப்புகள் போல வளைந்து வளைந்து ஓடும் வரிகள். காலை ஏழு மணி வெயில் சாய்ந்து விழும்போது இந்தக் கோலமெல்லாம் நிழலெடுத்து எழும்பி நிற்கும். பத்து மணிக்குப் பிறகு கல் வெறும் வெள்ளை, கண் கூசும். படகு கொண்டுவந்து இறக்குகிற நேரமே பெரும்பாலும் அந்தக் கண் கூசும் நேரம்தான். ஓர் இரவாவது தங்காமல் போகிறவர்களுக்கு வேலி தன் முகத்தைக் காட்டுவதில்லை.

என் நண்பர் ஒருவர் சைக்கிள் கட்சி. ஆசனத்தில் உட்கார்ந்தால் வேலிக்கு மேலாலே வளவுக்குள் இருக்கும் கிணறு, துலா, பனை வடலி எல்லாம் தெரியும், நடக்கிறவனுக்கு அவ்வளவு கிடைக்காது என்பார். உண்மைதான். ஆனால் ஒழுங்கையில் மணலும் கல்லும் மாறி மாறி வரும். சைக்கிள்காரரின் கண் முன்சில்லைவிட்டு அகலாது. வளவைப் பார்த்தேன் என்று அவர் சொல்வது, விழாமல் தப்பிய இடைவெளிகளில் பார்த்ததை. குறிகட்டுவானிலிருந்து தீவுக்கு வரும் படகில் சைக்கிளை ஏற்றி இறக்கும் பாட்டை நான் இங்கே சேர்க்கவில்லை.

எனக்குப் பிடித்த வேலி மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. எந்த வளவு என்று எழுதமாட்டேன். எழுதினால் யாராவது அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பார்கள். ஒழுங்கை அங்கே இடப்பக்கம் திரும்புகிறது. மற்ற வேலிகள் திருப்பத்தில் மூலை எடுத்து நிற்கும். மாடு உரசி உரசி முதலில் சரிவதும் அந்த மூலைதான். இந்த வேலிக்கு மூலையே கிடையாது. எங்கே திரும்பத் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி வளைந்து போகிறது. நேராய் அடுக்கும்போது கல்லின் அகன்ற முகத்தை வெளியே காட்டியவர், வளைவு நெருங்க நெருங்க நீளக் கற்களாய்ப் பொறுக்கி, அவற்றின் முனையை வெளியே விட்டு உடலை வேலிக்குள் செலுத்தியிருக்கிறார். வளைவு தாண்டியதும் அகன்ற முகங்கள் திரும்பி வருகின்றன. அதற்கு அப்பால் ஒரு கடப்பு. மனிதர் காலைத் தூக்கிக் கடக்கலாம், கன்று கடக்காது. இருபக்கமும் இரண்டு நெட்டைக்கற்கள் செங்குத்தாய் நிற்கின்றன. ஒன்றின் தோள் மழுங்கிப் பளபளக்கிறது. கடக்கிற எல்லோரும் அதே இடத்தில் கைவைத்திருக்கிறார்கள்.

கட்டியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். அதே கை இன்னும் இரண்டு ஒழுங்கைகளில் இருப்பதாக நான் நினைக்கிறேன். மேல்வரிசைக் கல்லைப் படுக்கையாய் வைக்காமல் சற்றுச் சரித்து வைக்கிற பழக்கம் அங்கேயும் இருக்கிறது. ஊரில் சிலர் சிரிக்கிறார்கள். கல் கிடைத்தபடி வைத்திருப்பான், இதில் கையாவது காலாவது என்கிறார்கள். நாதஸ்வரத்தைத் தூரக் கேட்டே வாசிப்பது யாரென்று சொல்கிறவர்களும் அவர்களே.

நடு நெடுந்தீவில் ஒரு முதியவர் சரிந்த வேலியை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சின்னக் கற்கள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. “இடுக்குகளை இதாலை அடைச்சால் என்ன அப்பு?” என்றேன்.

“அடைச்சால் விழும் தம்பி. காத்துப் போக வழி வேணும். ஆடு மூக்கை நுழைக்கேலாத அளவெண்டால் போதும்.”

“மேலை ஏறிப் பாய்ஞ்சால்?”

“மேற்கல்லை ஆட்டமாத்தான் விட்டிருக்கிறன். ஒருக்காக் காலை வைச்சு, கல்லு அசைஞ்சுதெண்டால் பிறகு அந்தப் பக்கம் வராது.”

சோளகம் வீசும் மாதங்களில் அவர் சொன்னது புரியும். கட்டிய மதில் காற்றோடு மல்லுக்கட்டும், காற்று மேலாலே ஏறி மறுபக்கத்தில் சுழன்று அடிக்கும். கல்வேலி காற்றை உள்ளே விடுகிறது, அதன் வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வெளியே சாரம் படபடக்க நிற்கிறவன் கடப்பைத் தாண்டி உள்ளே போனால் பேசுகிற குரல் கேட்கும்.

யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியைக் கொண்டாடுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. வருடா வருடம் பழைய கிடுகை உரித்துப் புதிது கட்டுகிற அந்தச் சடங்கும், கிளுவங் கதியாலில் துளிர் வருகிற அழகும் எனக்கும் தெரியும். ஆனால் அது பார்வையை அடைப்பதற்கென்றே எழுந்த வேலி. பக்கத்து வீட்டாரோடு பேசப் பொட்டு வெட்ட வேண்டும். இங்கே கடைக்குப் போகிற பெண் வேலியில் முழங்கையை ஊன்றி நின்று, உள்ளே பாத்திரம் கழுவுகிறவளோடு ஒரு கல்யாணப் பேச்சையே முடித்துவிட்டுப் போகிறாள்.

குதிரைகளைப் பற்றியும் சொல்லாவிட்டால் விடமாட்டார்கள். தெற்கே தரவை விரிகிறது. தை மாசியில் மாரித் தண்ணீர் தேங்கி, புல் பச்சையாய் இருக்கும்போது அவற்றைப் பார்க்கலாம். கோடையில் பார்க்க மனம் வராது. குட்டைகள் வற்றி, விலாவெலும்பை எண்ணலாம். 2015இல் இந்தப் பக்கத்தைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். குதிரையின் தாகம் அறிவிப்போடு தீரவில்லை. சாறாப்பிட்டி நல்லதண்ணிக் கிணறுகள் வரை நடந்து போனால், தண்ணீருக்காக இந்தத் தீவு எத்தனை பேரை, எத்தனை வாயில்லாச் சீவன்களை நடக்கவைத்தது என்பது காலுக்குத் தெரியும்.

நடக்கிறவர்கள் மாவிலித்துறையிலேயே ஒருமுறை நிற்பார்கள். 1985 மே 15இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் அங்கே இருக்கிறது. ஓட்டோ அதைத் தாண்டித்தான் வேகமெடுக்கிறது.

போரில் பெயர்ந்தவர்கள், கொழும்புக்கும் கனடாவுக்கும் போனவர்கள் என்று ஆளில்லாத வளவுகள் இங்கே அதிகம். ஓலைக்கூரை போய், மண்சுவர் கரைந்து, கிணற்றுக்கட்டும் உடைந்த பிறகும் வேலி சுற்றி நிற்கிறது. உள்ளே நாயுருவி. எவருடைய காணி, எது வரை என்பதை உறுதியைவிடத் தெளிவாக அந்தக் கல் சொல்கிறது.

கல் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லாத காலம் இது. வெளிநாட்டுக் காசில் வீடு புதுப்பிக்கிறவர்கள் முதலில் உடைப்பது வேலியை; அந்த இடத்தில் சீமெந்துக் கல் மதில், அதற்கு மஞ்சளோ ரோஸோ பூச்சு. உடைத்த முருகைக்கல் ஒழுங்கைப் பள்ளத்தை நிரப்பப் போகிறது. இன்னும் சிலர் வேலியைக் காப்பாற்றுகிறோம் என்று இடுக்கெல்லாம் சீமெந்து அடித்துவிடுகிறார்கள். அப்பு சொன்ன காற்றுவழி அடைபட்ட வேலி, கல் கல்லாய் உதிராது. ஒருநாள் துண்டாய்ச் சாயும், பிறகு எடுத்துக் கட்டவும் முடியாது. கடலில் முருகைக்கல் எடுப்பதைச் சட்டம் தடுக்கிறது, தடுக்கத்தான் வேண்டும். ஆகவே சரிந்த வேலிக்கு இன்னொரு சரிந்த வேலியிலிருந்துதான் கல் வரவேண்டும். லொறியில் ஏற்றி அனுப்புகிற ஒவ்வொரு குவியலும் எங்கோ ஓர் ஒழுங்கையில் ஓட்டையாக நிற்கும்.

அடுக்கத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. முள்ளுக்கம்பி சுருட்டிக் கிடைக்கிறது, ஒரு காலைப்பொழுதில் கட்டி முடிக்கலாம். கூலிக்கு ஆள் வைத்துக் கல் அடுக்கக் கட்டுப்படியாகாது என்கிறார்கள். அதை மறுத்துப் பேச என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் உல்லாசப் பயணிகளுக்கென்று புதிதாய் எழும்பும் விடுதி வாசல்களில் முருகைக்கல்லைச் சாந்தில் பதித்து ‘பாரம்பரியம்’ காட்டும்போது மட்டும் அந்தக் கட்டுப்படி எங்கே போகிறது என்று கேட்கலாம்.

சைக்கிள் நண்பரை இந்தத் தை மாதம் கூட்டிப்போகிறேன். இரவு தங்க ஒப்புக்கொண்டுவிட்டார். விடியற்காலையில் எழும்புவதற்கும் சம்மதம். சைக்கிளை மட்டும் கொண்டுவருவாராம், தள்ளிக்கொண்டு நடப்பதற்கு.