உயரமும் உந்துதலும்

அமெரிக்கக் கறுப்பின இளைஞன் ஒருவன் கூடைப்பந்தாட்டத்திற் புகழெய்த விழைவது எதனால் என்று வினாவுவார்க்குப் பெரும்பாலார் தரும் விடை ஒன்றே: வறுமை. சேரியினின்று வெளியேற அவனுக்குப் பந்தே ஊர்தி என்பர். இவ்விடை பொய்யன்று, ஆயினும் முழு மெய்யுமன்று. வறுமை, வெளியேறும் விருப்பை விளக்கும். இன்ன வாயிலால் வெளியேற விரும்பியது ஏன் என்பதை விளக்காது. வறியோர் உலகெங்கும் உளர். அவர் யாவரும் பந்தை நாடினாரல்லர். ஆதலின் இவ்விடையை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். அதற்கு வேண்டிய சான்றுகள் நம் யாழ்ப்பாணத்திலேயே உள என்பது எமது துணிபு.

முதற்கண் வாயிலை நோக்குவாம். அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் அணிகளிற் கறுப்பினத்தார் இடம்பெற்றது 1950ஆம் ஆண்டிலேயாம். அதன்பின் பில் றசல் என்னும் கறுப்பின வீரர் பொஸ்டன் அணியில் 1957 முதல் 1969 வரை பதினொரு வாகைப் பட்டங்களைப் பெற்றார். பிற தொழில்களின் கதவுகள் பெரும்பாலும் சாத்தியிருந்த காலத்தில், திறந்த கதவொன்று ஊரறிய ஒளிர்ந்தது. இளைஞர் அதனை நோக்கித் திரண்டமை வியப்பன்று. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும்" என்று நம் முன்னோர் கூறியதும் இத்தகைய மனநிலையாலன்றோ? அங்குப் பந்தாட்டக் களம் எதுவோ, இங்குப் பரீட்சை மண்டபம் அது. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டமும் 1970களின் தரப்படுத்தலும் நம் வாயிலை ஒடுக்கியபோது நாம் உற்ற துயரை நினைப்பார், ஒரே வாயிலை நம்பி வாழ்வோரின் நிலையைப் பிறர் சொல்லாமலே உணர்வர்.

இனி, உடலமைப்பே காரணம் என்பாரும் உளர். இக்கூற்றுக்கு மறுமொழி தருபவர் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்திற் பிறந்து, ஆறடி பத்தங்குல அளவிற்கு வளர்ந்த இவ்வம்மையார், கூடைப்பந்தாட்டத்தினின்று கிளைத்த வலைப்பந்தாட்டத்தில் இலங்கை அணிக்கு 2009ஆம், 2018ஆம் ஆண்டுகளில் ஆசிய வாகை கிட்டத் துணைநின்றார். 2019இல் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் மற்றெவரினும் மிகுதியான கோல்களைப் பெற்றார். பத்தடி உயரத்து வளையத்திற்கு அவர் உயரம் துணையாயிற்று என்பது உண்மையே. ஆயினும் உயரம் கருவியேயன்றி உந்துதல் அன்று. நெடிதுயர்ந்த பெண்ணொருத்தி நம் ஒழுங்கைகளில் நடந்துசென்றாற் கேட்க நேரும் சொற்களை நாம் அறிவோம். அச்சொற்களுக்கு அஞ்சிக் குனிந்து நடப்பதும் கூடும். அதே உயரத்தை ஒரு நாடே அண்ணாந்து நோக்கச் செய்வதும் கூடும். பெரும் பொருள் தராத ஆட்டமொன்றில் ஆண்டுக்கணக்காக உழைப்பதற்குப் பொருளாசையைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

மூன்றாவது விடை நாட்டுப்பற்று என்பது. இதனைச் சோதிக்க நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராகிய அவர், பதினெட்டு வயது நிறையுமுன் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற் பங்குபற்றினார். 1958இல் ரோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, அவ்விழாவில் இலங்கைக்குரிய முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். அவ்விழா மே 24 முதல் யூன் 1 வரை நடைபெற்றது. அதே நாட்களிற்றான் இலங்கையில் தமிழர் தாக்கப்பட்டனர். மே 27இல் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. தன்னினத்தார் வீடுகள் எரியும் நாட்டின் பெயரைத் தாங்கி ஒருவன் பாய்கின்றான் எனின், அவனை உந்தியதை நாட்டுப்பற்று என்ற ஒரு சொல்லால் அடக்க இயலுமோ? பத்தாண்டுகளின் பின், 1968இல் மெக்சிக்கோவில் வெற்றி மேடைமீது நின்று கைம்முட்டியை உயர்த்திய கறுப்பின வீரர் இருவர்பாலும் இதே வினா எழுகின்றது.

எமக்குத் தோன்றும் விடை இதுவாம். பாய்வோனின் பெயரையும் மொழியையும் நிறத்தையும் குறுக்குத்தடி கேளாது. தாண்டினானா, இல்லையா என்பதையே அது அறியும். கூடைப்பந்தாட்ட வளையமும் அத்தன்மைத்தே. நடுவுநிலை பிறழ்ந்த அளவுகோல்களால் நாடோறும் அளக்கப்படுவோன், பிறழாத அளவுகோல் ஒன்றைக் கண்டவிடத்து அதனைப் பற்றிக்கொள்கின்றான். புகழ்வேட்கை எனப் பிறர் கருதுவது பெரிதும் இந்நீதிவேட்கையேயாம்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. வளையம் நடுநிலையுடையது, வளையத்தைச் சூழ்ந்த சந்தை அத்தகையதன்று. 1994இல் வெளிவந்த 'ஹூப் ட்ரீம்ஸ்' என்னும் ஆவணப்படம் சிக்காகோ நகரத்துக் கறுப்பினச் சிறுவர் இருவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து செல்கின்றது. ஒருவன் கட்டணஞ் செலுத்த இயலாமற் பாடசாலையை விட்டு நீங்குகின்றான். மற்றவனை முழங்காற் காயம் வருத்துகின்றது. இருவருள் எவரும் தேசியச் சங்கத்தின் அணிகளை எய்தினாரல்லர். திறமையை மதித்து அழைத்தோர் பயன் குறையவே முகம் மாறுதலை அப்படம் ஆரவாரமின்றிக் காட்டுகின்றது. எதிர்வீரசிங்கமோ விளையாட்டை வாயிலாகக் கொண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் பயின்று கலாநிதியாகி, 2024இல் மறையும்வரை கல்விப்பணியையும் போற்றினார். அவர்க்குப் பாய்ந்து கடக்கும் தடிக்கு அப்பாலும் ஒரு நிலம் இருந்தது.

ஆகவே, அமெரிக்க இளைஞன் பந்தின் பின் ஓடுகின்றான் என்று இரங்குமுன், பரீட்சைப் பெறுபேற்றின் பின் ஓடும் நம் மாணவரை நினைத்தல் தகும். ஒரு வாயிலையே காட்டிவிட்டு, அதனுள் நுழையாதாரைத் தோற்றார் என்னும் சமுதாயம் எந்நாட்டதாயினும் குறையுடைத்தே. ஆசிரியர் செய்யத்தக்கது வாயில்களைப் பெருக்குதல். மாணவர் செய்யத்தக்கது, தம்மை அளக்கும் கோல் நேரியதோ என ஆராய்ந்து, நேரியதாயின் அஞ்சாது பாய்தல்.