அவர் ஏன் பந்தை வெளியே அடிக்கிறார்?

இங்கிலாந்து லீக் ஆட்டம் போடுகிற கொள்ளுப்பிட்டிக் கடை எதிலும் சனிக்கிழமை இரவு அந்தச் சிரிப்பைக் கேட்கலாம். புள்ளிப் பட்டியலின் அடியில் கிடக்கும் கழகமொன்றின் வலதுபுறப் பின்கள வீரர், எண்பதாவது நிமிடம் தாண்டியதும், பந்தை ஓங்கி உதைத்துச் சனத்துக்குள் அனுப்புகிறார். "பாஸ் பண்ணத் தெரியாதவன்" என்று ஒரு குரல். பெரிய கழகத்தின் ஜேர்சி போட்ட குரல்தான், வேறு யார்? எனக்கு அந்த உதை பிடிக்கும். பெயர் சொல்லப் போவதில்லை. ஒழுங்காக ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும்.

அடுத்த முறை அவருடைய இடுப்பைக் கவனியுங்கள். பந்து வரும்போது தன் கோலைப் பார்த்தபடி நிற்கிறார். எதிரணியின் முன்கள வீரன் உள்பக்கமாக வளைந்து ஓடி வருவது, நடுவுக்குப் போகும் பாதையை அடைக்கத்தான். கோல்காப்பாளருக்குத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் அவருக்கு வராத இடது காலில் போய் விழும், அதற்கென்றே இன்னொருவன் காத்து நிற்கிறான். இவ்வளவையும் ஒரு தோள்பார்வையில் அளந்த பிறகுதான் அரைவட்டம் திரும்பி உதைக்கிறார். பக்கத்துக் கோட்டுக்குச் சும்மா தட்டிவிடுவதுமில்லை. உயரமாக, நடுக்கோட்டுக்குக் கிட்ட போய் வெளியேறும்படி அடிக்கிறார். காரணம், த்ரோ-இன்னில் நேராகப் பந்தை வாங்குகிறவனுக்கு ஓஃப்சைட் கிடையாது. கோலிலிருந்து இருபது யாரில் த்ரோ-இன் விட்டுக்கொடுத்தால் அது பாதிக் கோர்னர். நடுக்கோட்டில் கொடுத்தால் பின்வரிசை நாலு பேரும் மூச்சு வாங்கி, வரிசை பிடித்து, மேலே ஏறிவிடலாம்.

அதே இடத்தில் பெரிய கழகத்துப் பையன் நடுவுக்கு ஒரு குட்டிப் பாஸ் கொடுக்கிறான். வர்ணனையாளர் 'துணிச்சல்' என்கிறார். அவன் தவறினால் போவது மூன்று புள்ளி. இவர் தவறினால் கழகமே ஒரு பிரிவு கீழே போகும். தொலைக்காட்சிப் பணம் வற்றும், பாதி அணி விலைபோகும், அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடக்கும். கைநிறையக் காசுள்ளவன் ஆடுகிற சூதை இல்லாதவன் ஆடவில்லை என்பதற்காக அவனைத் திறமை குறைந்தவன் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

2021 ஏப்ரல் 18, ஞாயிறு இரவு, பன்னிரண்டு பணக்காரக் கழகங்கள் தனி லீக் அறிவித்தபோதும் இதே தவறான வாசிப்புத்தான். லண்டனில் இரசிகர்கள் தெருவை மறித்தார்கள். புதன் விடிவதற்குள் ஆறு ஆங்கிலக் கழகங்களும் பின்வாங்கின. மே 2 அன்று மன்செஸ்டரில் கூட்டம் மைதானத்துக்குள்ளேயே இறங்க, ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பணப்பேராசை மீதான கோபம் என்றார்கள். காசை வெறுக்கிற இரசிகர்களா அவர்கள்? எண்ணெய்ப் பணம் வந்திறங்கியபோது கைதட்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களுக்குப் பொறுக்காமல் போனது ஒரு எண்: இருபது இடங்களில் பதினைந்து நிரந்தரம். எப்படி ஆடினாலும் பறிபோகாத பதினைந்து இடம். அந்த லீக்கில் நம் வலதுபுறக்காரரின் உதைக்கு வேலையே இல்லை. அங்கே எல்லோரும் எப்போதும் குட்டிப் பாஸ்தான் கொடுப்பார்கள்.

இறக்கமில்லாத லீக்கைப் பார்க்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம், பாக்கு நீரிணையைத் தாண்டினால் போதும். 2014 இல் எட்டு அணிகளோடு தொடங்கிய இந்தியன் சுப்பர் லீக்கில் 2024-25 பருவம் வரை யாரும் கீழே இறங்கியதில்லை. 2019 இல் கோலாலம்பூரில் ஒரு திட்டம் தீட்டி, 2024-25 பருவத்திலிருந்து தரமிறக்கம் என்றார்கள். கீழ்ப்பிரிவிலிருந்து மேலேறும் வழி 2023 இல் திறந்தது. இறக்கம் சொன்ன பருவத்திலும் வரவில்லை. அங்கே கடைசி இடத்து அணியின் பின்களத்தைப் பெப்ரவரியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், என்ன அழகான பாஸ்கள்! 2025 ஜூலையில் வணிக உரிமை ஒப்பந்தத்தில் சிக்கல் வந்ததும் லீக்கையே நிறுத்திவைத்தார்கள். (நம் நாட்டிலும் அதே 2021 இல் பத்துக் கழகங்களோடு ஒரு சுப்பர் லீக் தொடங்கியது. 2023 ஜனவரியில் பீபா நம் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. அது தனிப் பத்தியில் அழவேண்டிய கதை.)

இனி என்ன நடக்கும்? இன்னொரு ஞாயிறு இரவு அறிவிப்பு வராது. அதற்கு அவசியமும் இல்லை. பிரிந்து போகும் லீக்குகளில் கழகங்கள் சேராமல் தடுக்கும் அதிகாரத்தைப் பிரித்தானியா 2025 இல் சட்டமாக்கி, ஒரு ஒழுங்குபடுத்துநர் கையில் கொடுத்துவிட்டது. ஆனால் பூட்டு உள்ளேயிருந்தே விழுகிறது. 2023-24 இலும் 2024-25 இலும், கீழேயிருந்து வந்த மூன்று கழகங்களும் வந்த வழியே திரும்பின. இறங்கப் போகிறவர்கள் யாரென்று ஓகஸ்டிலேயே தெரிந்தால் மற்றப் பதினேழு பேருக்கும் என்ன பயம்?

என் கணிப்பு இது. அடுத்த ஐந்தாண்டுகளில் லீக்கைப் பதினெட்டுக் கழகங்களாகக் குறைக்கும் யோசனை வரும், 'வீரர்களின் ஓய்வு' என்ற நல்ல பெயரோடு. கூடவே, இறங்குவது மூன்றல்ல, இரண்டு என்பார்கள். அங்கே விதி மாற்ற இருபதில் பதினான்கு வாக்கு வேண்டும். முதலில் கை தூக்கப்போவது பெரிய ஆறு பேர் என்று நினைக்காதீர்கள். பத்தாம் இடத்துக்கும் பதினாறாம் இடத்துக்கும் நடுவில் ஆண்டாண்டாய் நடுங்கிக்கொண்டிருக்கும் முதலாளிமார்தான் தூக்குவார்கள்.

வலதுபுறக்காரரை அதற்குள் ஒரு பெரிய கழகம் வாங்கிப் பாஸ் பண்ணப் பழக்கியிருக்கும். ஏதாவதொரு அரையிறுதியில் அந்தப் பாஸ் பறிபோகும். இந்தப் பருவத்தில் மட்டும் எங்கள் ஆட்கள் தப்புவார்கள். பதினேழாம் இடம், கோல் வித்தியாசத்தில்.