இடது தோளில் துப்பாக்கி

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை பக்கம் ஒரு பலூன் கடை. எட்டு வயசுப் பெண் துப்பாக்கியை இடது தோளில் வைத்தாள். ‘‘அப்படி இல்லம்மா, இந்தக் கையில புடி’’ என்று கடைக்காரர் மாற்றி வைத்தார். மூன்று ரவையும் பின்னாலிருந்த துணியில். பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது.

குழாயை மடக்கி ரவை போடும் அந்த ஏர்கன்னுக்கு இடது, வலது கிடையாது. அது கடைக்காரர் மனசில்தான். நிஜத் துப்பாக்கிகள் விஷயம் வேறு. நம் போலீஸ் வெகுகாலம் தூக்கித் திரிந்த .303-ல் போல்ட் வலப்பக்கம். இடதுகைக்காரர் ஒவ்வொரு குண்டுக்கும் கையை எடுத்து மேலே தாண்டி இழுக்கவேண்டும். இன்சாஸில் காலித் தோட்டா முகத்துக்குக் குறுக்கே பறக்கும். 1985-ல் வந்த பிரிட்டனின் எஸ்.ஏ.80-ல் கன்னத்திலேயே அடிக்கும். அதனால் அங்கே எல்லாச் சிப்பாய்க்கும் வலது தோள்தான்.

‘பழகிக்கிட்டா போச்சு’ என்பீர்கள். கை பழகும், குறி பார்ப்பது கண்ணாயிற்றே! இரு கண்ணும் திறந்து, தூரத்துக் கோபுரத்தை விரலால் மறையுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் நிற்கிறதோ, அதுதான் உங்கள் எஜமானன். அது இடது கண் என்றால் வலது தோளில் வைத்து அவஸ்தைதான்.

ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஏ.யூ.ஜி. 1970-களிலேயே, போல்ட்டை மாற்றிப்போட்டால் இடதுகைக்கு ஆகும்படி வந்துவிட்டது. ஆக, முடியாத காரியமில்லை. மனசில்லை, அவ்வளவுதான்.

மலையை வலமாகத்தான் சுற்றுகிறோம், சரி. ஆனால் இந்த ஊர்ப் புராணத்தில் ஈசன் அம்மனுக்குக் கொடுத்தது இடப்பாகம். கடைக்கார அண்ணே, அடுத்த தடவை அந்தப் பெண்ணை அவள் இஷ்டத்துக்குச் சுட விடுங்கள்!